வண்டி மட்கார்டுல மட்டும் வினைல் ஸ்டிக்கர் தூக்குதா?
வினைல் ரோலை மாத்தி பிரயோஜனம் இல்லை, அந்தக் கறுப்பு மட்கார்டுக்கு பிரைமர் (பசை பிடிக்க முன்னாடியே தடவற திரவம்) போட்டாதான் ஸ்டிக்கர் நிக்கும். பெயிண்ட் அடிச்ச பேனல்ல கிண்ணுனு இருக்கற அதே வினைல் இங்க மட்டும் ரெண்டே நாள்ல ஓரம் தூக்குதுன்னா அந்த மட்கார்டு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக், அதுல பசை சரியா பிடிக்காது, போதாததுக்கு சொரசொரப்பு வேற, பசை மேட்டுல மட்டும்தான் தொட்டுட்டு இருக்கும்.

மட்கார்டு உள்பக்கம் 'PP'ன்னு (பாலிப்ரொப்பிலீனோட சுருக்கம்) அச்சு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா தொடச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க, பரவாம முத்து மாதிரி நின்னா பெரும்பாலும் அதேதான்.

த்ரீஎம் பிரைமர் 94 மெல்லிசா, ஓரத்துல மட்டும் தடவி, காஞ்சதும் ஒட்டி ஹேர் ட்ரையர் சூட்டுல அழுத்துங்க.

ஆனா ஒண்ணு, பிரைமர் போட்ட இடத்துல பின்னாடி உரிக்கறது பெரிய ரோதனை, வாடகை வண்டின்னா வேணாம்.