ஐஸ்லினில் பிடித்த டிக்கெட்டுக்கு எந்த ஊர் கோர்ட்?

தம்பி, நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கோவையிலிருந்து எச்-1பி விசாவில் நியூஜெர்சிக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. மெட்ரோபார்க் ரயில் நிலையத்துப் பக்கம் 35 மைல் வேகம் அனுமதித்த சாலையில் 52-ல் போனதாக போலீஸ் டிக்கெட் எழுதிவிட்டார். வீடு மாறும் அவசரத்தில் அந்தத் தாள் எங்கோ போய்விட்டது. 'ஐஸ்லின் கோர்ட்' என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. பழைய வீட்டுக்கு வக்கீல்களிடமிருந்து கடிதமாக வந்து குவிகிறது என்று அறைத் தோழர் சொல்கிறார். பேசாமல் பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாமா, விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணத்தை இன்றைக்குக் கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கோர்ட்டைக் கண்டுபிடிப்போம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஐஸ்லினுக்கு கோர்ட் கிடையாது. ஐஸ்லின் என்பது தபால் முகவரியில் வரும் பெயர். நிர்வாகத்தில் அது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. உங்கள் வழக்கு இருப்பது உட்பிரிட்ஜ் முனிசிபல் கோர்ட்டில். அதே ஓக் ட்ரீ ரோட்டில் சேலைக் கடை, இனிப்புக் கடை எல்லாம் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் மேற்கே போனால் எடிசன் வந்துவிடும்; அங்கே பிடித்திருந்தால் எடிசன் கோர்ட். நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் குழப்பம் உண்டு. மன்மவுத் ஜங்ஷன், கெண்டால் பார்க் இரண்டும் சவுத் பிரன்ஸ்விக்கில் சேரும். பிரின்ஸ்டன் ஜங்ஷன் என்றால் வெஸ்ட் வின்ட்சர். சாமர்செட் என்று முகவரி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இருப்பது ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்பில். அந்த ஃபிராங்க்ளின் என்ற பெயரிலேயே இந்த மாநிலத்தில் வேறு கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஊர்கள் உண்டு. மொத்தம் 564 முனிசிபாலிட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாகவோ பக்கத்து ஊரோடு சேர்ந்தோ ஒரு கோர்ட். இவ்வளவு சின்ன மாநிலத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான், என்ன செய்வது.

எந்த ஊர் எல்லைக்குள் சம்பவம் நடந்ததோ அந்த ஊர் கோர்ட்தான். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் மாநில போலீஸ் பிடித்தாலும் இதே கதைதான். அந்த இடம் எந்த ஊர் எல்லையில் வருகிறதோ அங்கே போகும். அதனால்தான் டிக்கெட்டில் ஊர்ப் பெயரோடு நான்கு இலக்க கோர்ட் எண்ணும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் கவுண்டியைக் குறிக்கும். உட்பிரிட்ஜ், எடிசன் இரண்டும் மிடில்செக்ஸ் கவுண்டி, அதனால் 12-ல் தொடங்கும். ஜெர்சி சிட்டி ஹட்சன் கவுண்டி, 09.

தாள் தொலைந்ததற்குப் பதற வேண்டாம். நியூஜெர்சி நீதித்துறையின் அரசுத் தளத்துக்குப் போனால் முனிசிபல் கோர்ட் வழக்குகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. பெயரை வைத்தே தேடலாம். பெயர் போடும்போது லைசன்ஸில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுங்கள். நமக்கு இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்று ஆயிரம் சிக்கல். ஒரு வரிசையில் வரவில்லை என்றால் முன் பெயரையும் பின் பெயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் எண் கிடைத்துவிட்டால் என்ஜேஎம்சி டைரக்ட் என்ற கட்டணப் பக்கத்தில் அந்த எண்ணையும் கோர்ட் எண்ணையும் வண்டி நம்பரையும் கொடுத்து விவரம் முழுவதையும் பார்க்கலாம். அதில் பார்ப்பதும் பணம் கட்டுவதும் வேறு வேறு. பார்ப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. தளத்தில் எதுவும் வரவில்லையா? உட்பிரிட்ஜ் கோர்ட் அலுவலகத்துக்கு ஒரு போன். பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். சொல்லப்போனால் எனக்குப் பிடித்த வழி அதுதான்.

தேடும்போது 'உங்கள் டிராஃபிக் ரெக்கார்டை உடனே பாருங்கள்' என்று பணம் கேட்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அவற்றுக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. அதேபோல் லைசன்ஸ் கொடுக்கும் மாநில மோட்டார் வாகன அலுவலகமான எம்விசி பெயரில், 'அபராதம் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் லைசன்ஸ் ரத்து' என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். வழக்கு உண்மையாகவே இருந்தால் நீதித்துறைத் தளத்தில் தெரியும்.

இப்போது பணம் கட்டும் விஷயம். நம்மூர் இ-சலான் பழக்கம் கைவிடாது: மெசேஜ் வந்தால் கட்டு, கதை முடிந்தது. இங்கே ஆன்லைனில் கட்டினால் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள் சொன்னதாக ஆகிவிடும். அதோடு உங்கள் ஓட்டுநர் பதிவில் தவறுக்கான பாயிண்ட் ஏறும். அனுமதித்த வேகத்தைவிட 14 மைல் வரை கூட என்றால் 2 பாயிண்ட், 15 முதல் 29 வரை 4 பாயிண்ட், 30-ம் அதற்கு மேலும் என்றால் 5. நீங்கள் போனது 17 மைல் அதிகம், ஆக 4. மூன்று ஆண்டுக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் எம்விசி தன் பங்குக்கு 150 டாலர் கேட்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பாயிண்டுக்கும் 25 டாலர். 12 வந்தால் லைசன்ஸையே நிறுத்திவைப்பார்கள். இதற்கெல்லாம் முன்னால் இன்சூரன்ஸ்காரர் விழித்துக்கொள்வார். இந்த நாட்டில் ஓட்டிய அனுபவம் குறைவு என்று ஏற்கெனவே உங்களிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதன் மேல் 4 பாயிண்ட் என்றால், டிக்கெட்டில் இருக்கும் தொகை சின்னதாகத் தெரியும்.

அதனால் இங்கே நெடுநாள் இருப்பவர்கள் செய்வது இதுதான். கோர்ட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து 'நாட் கில்டி' என்று சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதி வரை காத்திருக்காமல் சில நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வது பொய் சொல்வதாகாது. அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று கேட்கும் உரிமை அவ்வளவுதான். பிறகு அரசுத் தரப்பு வக்கீலான பிராசிக்யூட்டரோடு பேச வாய்ப்பு வரும். வாக்குவாதம் செய்யாமல், 'இது என் முதல் டிக்கெட், பாயிண்ட் இல்லாத பிரிவுக்கு மாற்ற முடியுமா' என்று நேராகக் கேளுங்கள். ரேடார் பதிவு, போலீஸ் குறிப்பு போன்றவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அவரிடமே கேட்டு வாங்கலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவை இருக்காது.

நீங்கள் கேட்கிற பிரிவின் பெயர் அன்சேஃப் டிரைவிங் (பாதுகாப்பில்லாமல் ஓட்டுதல்), சட்ட எண் 39:4-97.2. முதல் இரண்டு தடவைக்குப் பாயிண்ட் கிடையாது. ஐந்து ஆண்டுக்குள் மூன்றாவது தடவை வந்தால் 4 பாயிண்ட். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அபராதம் முதல் தடவைக்கு 50 முதல் 150 டாலர், அதற்கு மேல் மாநிலத்துக்கென்று 250 டாலர் கூடுதல் கட்டணம், கோர்ட் செலவு தனி. ஆக 400 டாலரைத் தொடும், தாண்டவும் செய்யும். வேக டிக்கெட்டை அப்படியே கட்டுவதைவிட இது அதிகம். இருந்தும் 4 பாயிண்டுக்கு நான் இதையே எடுப்பேன். வெறும் 2 பாயிண்ட், பழைய ரெக்கார்ட் சுத்தம் என்றால் யோசிக்கலாம். கடைசி தவறுக்குப் பிறகு ஓர் ஆண்டு சுத்தமாக ஓட்டினால் 3 பாயிண்ட் கழியும், டிஃபன்சிவ் டிரைவிங் என்ற பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பு முடித்தால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை 2 கழியும். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு விபத்தோடு சேர்ந்த டிக்கெட் என்றால் மட்டும், ஒப்புக்கொள்ளும்போது 'சிவில் ரிசர்வேஷன் வேண்டும்' என்று ஜட்ஜிடம் கேட்க மறக்கக்கூடாது. உங்கள் ஒப்புதலை எதிராளி நஷ்டஈடு வழக்கில் சான்றாகப் பயன்படுத்தாமல் இருக்க அது. உங்களுக்கு விபத்து இல்லை, இருந்தாலும் படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

2020-க்குப் பிறகு பல முனிசிபல் கோர்ட்டுகள் ஜூமில்தான் கூடுகின்றன. நோட்டீஸில் இணைப்பு இருக்கும். உங்கள் முறை வர நேரமாகலாம். மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருங்கள், நல்ல பொழுதுபோக்கு. வண்டி ஓட்டிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் வேறு உண்டு. வேக வழக்குக்கு அப்படி வந்தால் ஜட்ஜ் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஜட்ஜ் சில கேள்விகள் கேட்பார்: வழக்கு நடத்தும் உரிமையை விட்டுக்கொடுப்பது புரிகிறதா, யாராவது வற்புறுத்தினார்களா, அன்றைக்கு என்ன செய்தீர்கள். சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும். நமக்குத்தான் முன்கதை சொல்லாமல் இருக்க முடியாது, அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்தியது வேகம் இல்லை, வீடு மாறியதுதான். வக்கீல் கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போகின்றன என்றால் கோர்ட் நோட்டீஸும் அங்கேதான் போகும். நியூஜெர்சியில் வீடு மாறிய ஒரு வாரத்துக்குள் எம்விசிக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். அதோடு நிற்காமல் கோர்ட்டுக்கும் புது முகவரியைச் சொல்லுங்கள். தேதி தெரியாமல் போகாமல் இருந்துவிட்டால் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு லைசன்ஸ் நிறுத்தம், அதன் பிறகு வாரண்ட் வரை போகும். லைசன்ஸ் நிறுத்திய கடிதமும் பழைய வீட்டுக்கே போயிருக்கும், நீங்கள் ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். நிறுத்திவைத்த லைசன்ஸோடு ஓட்டினால் முதல் தடவைக்கே 500 டாலர். வாரண்ட் இருக்கும்போது வேறு எதற்காகவோ வண்டியை நிறுத்தினால் கைதுகூட நடக்கலாம்.

விசா கேள்விக்கு இதுவே பாதிப் பதில். நியூஜெர்சியில் வேக டிக்கெட் குற்றவியல் வழக்கு இல்லை. அதற்காக எச்-1பி போய்விடாது. கைது என்று ஒன்று நடந்தால்தான் தலைவலி. விசா படிவத்தில் கைதானதுண்டா, தண்டனை உண்டா என்று கேட்பார்கள். இந்த டிக்கெட்டை அங்கே எப்படி எழுதுவது என்பதை உங்கள் கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மெயிலில் கேட்டுவிடுங்கள், ஊர் பேச்சை நம்ப வேண்டாம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் எந்தக் காரணத்துக்காவது உங்கள் பெயரில் டிக்கெட் எழுதியதுண்டா என்றே கேட்பார்கள். அதனால் வழக்கு முடிந்ததும் கோர்ட் அலுவலகத்தில் முத்திரையோடு தீர்ப்பு நகல் ஒன்று வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவது மட்டும் முற்றிலும் வேறு கதை. நியூஜெர்சி அதையும் டிராஃபிக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அமெரிக்கத் தூதரகம் அப்படிப் பார்க்காது. கைதான செய்தி போனாலே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்ய அவர்களால் முடியும். வாரயிறுதி விருந்துகளுக்குப் போகிற எல்லாத் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வக்கீல்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், முனிசிபல் கோர்ட் பதிவு பொது ஆவணம். பட்டியலை எடுத்து எல்லோருக்கும் கடிதம் போடுகிறார்கள், அது அவர்கள் தொழில். பார்க்க அரசாங்க நோட்டீஸ் மாதிரியே இருக்கும், பயப்படாதீர்கள். உங்கள் டிக்கெட்டுக்கு வக்கீல் தேவையில்லை. மது, நிறுத்திய லைசன்ஸ், இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, ஆள் காயப்பட்ட விபத்து, இடித்துவிட்டு நிற்காமல் போனது, இவற்றில் ஒன்று என்றால் தாமதிக்காமல் வக்கீலிடம் போக வேண்டும்.

நான் சொன்ன இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் நியூஜெர்சி எல்லைக்குள் மட்டும். ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்தில் பிடித்தால் அங்கே டிராஃபிக் வயலேஷன்ஸ் பியூரோ என்று தனி அமைப்பு. பிரிவை மாற்றிக் கேட்கும் வழக்கமே கிடையாது. வழக்காடலாம் அல்லது கட்டலாம்.

எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து எம்விசியில் 15 டாலர் கட்டி உங்கள் டிரைவர் அப்ஸ்ட்ராக்டை எடுத்துப் பாருங்கள். கோர்ட்டில் இருக்கும் வழக்குப் பதிவு வேறு, எம்விசியில் இருக்கும் ஓட்டுநர் பதிவு வேறு. இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது இரண்டாவதை. அதில் அன்சேஃப் டிரைவிங், பாயிண்ட் 0 என்று இருக்க வேண்டும். பழைய வேகப் பிரிவே இருந்தால் அந்தத் தீர்ப்பு நகலோடு கோர்ட் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அங்கிருந்துதான் திருத்தி அனுப்ப முடியும்.

நாளைக்குக் காலையில் உட்பிரிட்ஜுக்குப் போன் செய்து தேதி என்ன என்று மட்டும் முதலில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால் அதையும் அந்த போனிலேயே சொல்லிப் புதுத் தேதி கேளுங்கள், தானாக முன்வந்து கூப்பிடுகிறவர்களிடம் அவர்கள் கடுமை காட்டி நான் பார்த்ததில்லை.