ஊட்டிக் குளிரில் பழைய ஸ்ப்ளெண்டர் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. என்ன செய்வது?

நானும் ஊட்டியில்தான் ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முந்தைய வண்டி; பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ளது. ஜனவரியில் சீட் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையிலும் கிளம்பிவிடும். ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே செல்ஃபை அமுக்கினால் கிளம்பாது. பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள்.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. துளித்துளியாகப் போகிற வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். பிளக் பொறி விட்டாலும் பற்றிக்கொள்ளப் போதுமான ஆவி சிலிண்டருக்குள் இருக்காது. சோக் போட்டால் காற்று வழி அடைபட்டு, இன்ஜின் உறிஞ்சும்போது பெட்ரோல் கூடுதலாக வரும். ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் அந்த உறிஞ்சல் குறைந்து, சோக் போட்டதே வீண்.

அதனால் பெட்ரோல் டேப்பைத் திறந்து, கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சோக் லீவரை முழுசாகப் போடுங்கள். சாவி போடாமலே மூன்று நான்கு முறை நிதானமாகக் கிக் அடியுங்கள். அப்புறம் சாவியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒரே மூச்சில் முழுக் கிக். செல்ஃபை நம்ப வேண்டாம். குளிரில் பேட்டரியும் சோம்பேறிதான்.

கிளம்பியதும் சோக்கை மறந்துவிடாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று மெலிசு. கீழே கோயம்புத்தூரில் ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே ஏற்கெனவே பெட்ரோலை அதிகமாகத்தான் கொடுக்கும். இன்ஜின் தடுமாறாமல் ஓடத் தொடங்கியதும் சோக்கைப் பாதியாக்கி, பிறகு முழுசாக எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சைலன்சரில் கரும்புகை, பிளக்கில் கரி.

பெட்ரோல் நெடி மூக்கில் ஏறுகிறதா? மேற்கொண்டு சோக் வேண்டாம். அதை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக் கிக் அடியுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். அப்படியும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, காயவைத்துப் போடுங்கள். இறக்கத்தில் உருட்டி செகண்ட் கியரில் கிளட்சை விடுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் உறைபனி படிந்த ரோட்டில் வேண்டாம்.

ஆயிலையும் பாருங்கள். சில கடைகளில் 20டபிள்யூ-40 ஊற்றிவிடுகிறார்கள். இந்தக் குளிரில் அது தடித்துப்போய் கிக்கரே கனக்கும். 10டபிள்யூ-30 கேட்டு வாங்குங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கார்புரேட்டர் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தால் டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும்.