பேஸ்மென்ட் எடுக்க முதல் பற்றுச்சீட்டை வாங்குங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டெம்பரில் ரொறன்ரோவுக்குப் படிக்க வருகிறாராம். ஸ்காபரோவில் எங்கள் சனத்தோடு இருப்பதா, தள்ளி இருப்பதா, குளிர்ச்சட்டையை யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாமா, பகுதி நேர வேலை எப்படி என்று பல கேள்விகள். சட்டையை இங்கே வந்து வாங்குங்கள் தம்பி. வேலையைப் பற்றி உங்களோடு படிக்கப்போகும் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வீட்டு விஷயத்தை நான் சொல்கிறேன், அதில் அடிபட்டவன் நான்.

எங்கள் சனத்தோடு தாராளமாக இருங்கள். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தர பக்கத்தில் ஒரு அக்கா இருப்பார், அது பெரிய ஆறுதல். ஆனால் "நாங்கள் ஒரே ஊர், பேப்பர் எதற்கு" என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 1991 இல் ஊர்க்காரர் ஒருவரின் பேஸ்மென்டுக்கு, அதாவது வீட்டின் நிலக்கீழ் தளத்துக்கு, குடிபோனேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் மெத்தை, கூரையோடு ஒட்டி ஒரு சின்ன யன்னல். பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும், பகல் பத்து மணிக்கும் லைட் போட வேண்டும். முதல் மாதம், கடைசி மாதம், அதோடு வீடு பழுதானால் பிடிக்க என்று முந்நூறு டொலர், எல்லாம் கைக்காசு. ஜனவரி நடுவில் மச்சான் குடும்பம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் எழும்புங்கள் என்றார். காசைக் கேட்டேன். "எந்தக் காசு?" என்றார். உடுப்பை இரண்டு குப்பைப் பைகளில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி வீட்டுக்காரர் முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதுவும் கடைசி மாதத்துக்குக் கழிக்க வேண்டிய காசு. பழுதுக்கென்று தனியாக வாங்கக் கூடாது. கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இது பலருக்குத் தெரியாது: குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்தால் அந்த வாடகைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. கையெழுத்து வைக்க முதல் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பெரிய வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் சிலர், இப்போது வரும் பஞ்சாபிப் பிள்ளைகளைப் பற்றி "ஒரு வீட்டில் பத்துப் பேர், ஏரியாவே கெட்டுவிட்டது" என்கிறார்கள். கேட்க வயிறு எரிகிறது. 1984 இல் ஸ்காபரோவின் ஏஜின்கோர்ட்டில் சீனர்கள் டிராகன் சென்டர் கடைத்தொகுதியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள் இதே பேச்சோடு கூட்டம் போட்டார்கள். பிறகு எங்களையும் அப்படித்தான் பேசினார்கள். 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தார்களே, அவர்கள் யார்? எங்கள் சனம்தானே.

ஒரு வீட்டில் பத்துப் பேர் என்றால் எனக்கு ரொறன்ரோவின் மாடிக் குடியிருப்புப் பகுதியான செயின்ட் ஜேம்ஸ் டவுன்தான் நினைவு. 1989 இல் வெல்லஸ்லி வீதிப் பக்கம், பதினேழாம் மாடி, ஒரே அறை, ஏழு பேர். இரவில் கோப்பை கழுவும் மூன்று பேர் விடிய வந்து படுப்பார்கள், நாங்கள் எழும்பிய மெத்தை சூடாகவே இருக்கும். யாருக்காவது ஊரில் இருந்து கடிதம் வந்தால் எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பார். அந்த அறையில் இருந்துதான் இரவு வகுப்புக்குப் போய் மெஷினிஸ்ட் வேலை படித்தேன். பேஸ்மென்டை விட்டு எழும்பிய அன்றும் அங்கேதான் திரும்பிப் போனேன். எட்டாவது ஆளாக, எதுவும் கேட்காமல் மெத்தையில் இடம் விட்டார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் அழைப்பு மணிப் பலகையை நின்று வாசித்தேன். முன்பு பாதிக்கு மேல் எங்கள் பெயர்கள், இப்போது பிலிப்பைன்ஸ், நேபாளப் பெயர்கள். கீழ் வரிசையில் ஒரு சிவலிங்கம் மட்டும் இன்னும் இருக்கிறார்.