வெடிமருந்தின் பெயரை விட மூடிய டின் முக்கியம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அனுமதிப்பத்திரம் உள்ள .38 ஸ்பெஷல் ரிவால்வரில் கழகத்தில் சுட்டுப் பழகுகிறேன். ரவை விலை கட்டுப்படியாகவில்லை. வெற்றுக் கோதுகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. நானே நிரப்புவதற்கு எந்த வெடிமருந்து நல்லது? சிட்னியில் இருக்கும் மச்சான் ‘புல்ஸ்ஐ’ என்கிறார். புறக்கோட்டையில் ஒருவர் மலிவாகத் தருவதாகச் சொல்கிறார்.”

புறக்கோட்டைக்காரரை முதலில் விடுங்கள். பொலித்தீன் பையில் வருவது என்னவென்று அவருக்கே தெரியாது. கல்லுடைக்கும் கருமருந்தாக இருக்கலாம், பிரித்தெடுத்த வேட்டைத் தோட்டாவின் மருந்தாகவும் இருக்கலாம். இன்றைய ரவைகளில் இருக்கும் புகையில்லா மருந்து செதிலாக, உருண்டையாக, சிறு குச்சியாக வரும். அந்த வடிவத்தை வைத்து அது எவ்வளவு வேகமாக எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தயாரிப்பாளர் மூடிய டின், அதன்மேல் பெயர், தொகுதி இலக்கம்: இவை இல்லாத மருந்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது சட்டம். 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டப்படி வெடிமருந்து வைத்திருக்கத் தனி அனுமதி வேண்டும். ரிவால்வர் அனுமதிப்பத்திரம் அதற்குச் செல்லாது. எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு கரண்டி மருந்தும் வீட்டுக்குள் வரக்கூடாது. நேர்மையாகப் பழகும் ஒருவர் இதைப் போய்க் கேட்டால் ஒரு மேசை மறு மேசையைக் கைகாட்டும், கடிதத்துக்குப் பதிலே வராது. இந்த அலைச்சல்தான் “நான் எடுத்துத் தாறேன்” என்கிற தரகர்களுக்குச் சோறு போடுகிறது. அவர்களுக்குக் காசு கொடுத்தால் காசும் போகும், துப்பாக்கி அனுமதியும் போகும். தனித்தனியாக அலையாமல் கழகத்தின் மூலம் விண்ணப்பியுங்கள்.

சரி, அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மச்சான் சொன்ன புல்ஸ்ஐ மோசமான மருந்து அல்ல. 1898 முதல் இருக்கிறது, வேகமாக எரியும், கொஞ்சம் போதும். ஆபத்தும் அந்தக் கொஞ்சத்தில்தான். .38 ஸ்பெஷல் கோது கருமருந்துக் காலத்து அளவுக்குச் செய்யப்பட்டது, உள்ளே இடம் அதிகம். சரியான அளவு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கவனம் சிதறி இன்னொரு தடவை ஊற்றினாலும் வழியாது. இரட்டை அளவு ரிவால்வரின் சிலிண்டரையே பிளந்துவிடும். ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு, இடத்தை நிறைக்கும் பருமனான மருந்துதான் என் தெரிவு. ‘யூனிக்’ பரவாயில்லை, ஆனால் அதன் பெரிய செதில்கள், மருந்தை அளந்து ஊற்றும் அளவியில் ஒரே சீராக விழாது, தராசில் சரிபார்க்க வேண்டும். ஒஸ்திரேலியாவில் தயாரான ‘ட்ரெயில் பாஸ்’ கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் குண்டைப் பொருத்துமுன் கோதுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தால் உடனே கண்ணில் படும்.

ஒரு மருந்தின் அளவு அட்டவணையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் பலரைக் குழப்புகிறார்கள். ‘வின்செஸ்டர் 231’, ‘ஹொஜ்டன் ஹெச்பி-38’ இரண்டும் ஒரே மருந்து, டின் மட்டும் வேறு. தயாரிப்பாளரே அப்படிச் சொல்வதால் ஒன்றின் அளவு மற்றதற்குப் பொருந்தும். அதனால் “பெயர் கிட்டத்தட்ட ஒன்று, மருந்தும் ஒன்றுதான்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பலாமா? கூடாது. ‘க்ளேய்ஸ்’, ‘யுனிவர்சல் க்ளேய்ஸ்’ என்று பெயரில் உறவு கொண்டாடும் மருந்துகள் எரியும் வேகத்தில் வேறு வேறு. தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மச்சானின் ஞாபகம் அதற்கு ஈடாகாது.

மச்சானிடம் பார்சலில் போடச் சொல்லவும் வேண்டாம், தபாலில் வெடிபொருள் தடை. அனுமதி வரும்வரை செலவைக் குறைக்க .22 ரவையில் பழகுங்கள், கழகத்தில் அந்தத் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.