வைப்பாற்று ஊற்று

கேள்வி: 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த அன்று, ஏழு வருஷத்துக்கு முன் பிரிந்த முறைப்பெண்ணும் அத்தானும் கமுதிக்குத் தப்பிப் போவதாக ஒரு கதை எழுதுகிறேன். அவள் அப்பா வேறு மாப்பிள்ளை பேசியபோது அவன் வாய் திறக்காமல் இருந்துவிட்டான். அந்தச் சம்பந்தமும் முறிந்துபோனது. சீமைக்கருவேலங்காட்டில் ஒளிந்திருக்கும்போது அவன் நீளமாக மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு மேல் கதை நகரவில்லை. என்ன செய்ய?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள் தாயி. அது நம் சீமைக்கு வந்தது எத்தனையோ வருஷம் கழித்து. உடைமரமும் பனையும் போதும். கோட்டை விழுந்தது மே 24, வைகாசி. பதநீர் இறக்குகிற காலம். யாரை நம்பிக் கேட்பது என்ற பயத்தில், தாகத்தோடு பனங்காட்டைத் தாண்டட்டும்.

அந்த நீள மன்னிப்பும் வேண்டாம். அன்றைக்குப் பேசாதவன் இன்றைக்குப் பேசித் தீர்த்தால் அவள் மனசு எப்படி ஆறும்? நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோட்டைக்கு வெளியே காயம்பட்டுக் கிடந்த கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை, கும்பினிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, ஊர்ப் பெண்கள் அவரைத் துணியால் மூடி, அம்மையில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்துக் காப்பாற்றினார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடினார்கள். அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் நாயகியும் அப்படி அவனை மூடிப்போட்டு அழட்டும். அதுவரை "இந்தா பாருங்க" என்று மட்டும் பேசியவள், ஒப்பாரியில் "அத்தான்" என்று சொல்லிவிடுவாள். ஏழு வருஷத்து ஆற்றாமையும் சேர்ந்து வரும். ஆட்கள் போன பிறகும் அவளால் அழுகையை நிறுத்த முடியக்கூடாது. அவன் துணிக்கு அடியில் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும்.

அப்புறம் வைப்பாறு. வைகாசியில் வெறும் மணல். ஆச்சி ஊரான விளாத்திகுளம் பக்கம் சின்ன வயசில் நான் ஊற்றுத் தோண்டியிருக்கிறேன். முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறிக்க வேண்டும், ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். முதலில் ஊறுவது கலங்கல். சிரட்டையால் அதை இறைத்துக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மோந்தால் திரும்பவும் கலங்கிவிடும். ஆட்கள் எந்த நேரமும் வரலாம், ஆனாலும் தெளிகிறவரை இரண்டு பேரும் அந்தக் குழியை விட்டு நகர முடியாது. அங்கே அவன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும்: "அன்னைக்கு நான் எந்திரிச்சு நின்னிருக்கணும்." அவள் பதில் சொல்ல வேண்டாம். முதல் சிரட்டைத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினால் போதும்.

கமுதியோடு சுபம் போட்டுவிடாதீர்கள். ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களை அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-இல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே. கோட்டை விழுந்ததற்கும் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதற்கும் நடுவில் கிடைப்பது ஐந்து மாதம். அதில் ஒரு சாதாரண நாளை, அவள் கம்பு இடிப்பதையும் அவன் புடைத்துக் கொடுப்பதையும், ஒரு அத்தியாயமாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.