பிள்ளையை ஏந்திய கைகள்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பலர் பிரசவத்துக்குத் தங்கள் இனத்து மருத்துவச்சியைத் தேடுவதாகப் படித்தேன். அத்தனை வசதியுள்ள நாட்டில் இது பின்னோக்கிப் போவதாகாதா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1662-இல் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. அதனால் அடிமைப் பெண்ணின் வயிற்றில் வளர்ந்த சிசு, தகப்பன் யாராக இருந்தாலும், பிறக்கும்போதே எஜமானனின் சொத்தாகிவிட்டது. அந்த நாட்களிலும் அவளுடைய பேறுகாலத்தில் பெரும்பாலும் உடனிருந்தவள் அவளைப் போன்ற கறுப்பின மருத்துவச்சிதான்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் தென் மாநிலங்களின் கிராமங்களில் இந்த மூதாட்டிகளே பிரசவம் பார்த்தார்கள். வலியை அறுப்பதற்கென்று கட்டிலுக்கு அடியில் கத்தியோ கோடரியோ வைப்பதும், நஞ்சுக்கொடியைப் பத்திரமாகப் புதைப்பதும், தாயை ஒரு மாதம் வரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதும் அங்கே வழக்கம். பிள்ளையைத் தருபவன் ஆண்டவன், தாங்கள் கையில் ஏந்திக்கொள்கிறவர்கள் மட்டுமே என்பது அவர்கள் பேச்சு. பிறந்த குழந்தைக்கு விலை குறித்துப் பழகிய மண்ணில் இப்படிச் சொன்னார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

1920-களில் அரசு இவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்தது. செவிலியர்கள் வந்து இவர்களுடைய பையைத் திறந்து சோதித்தார்கள். கை கழுவும் முறையும், கண்ணில் தொற்று வராமல் தடுக்கக் குழந்தைக்கு விடும் வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்தும் உண்மையிலேயே நன்மை செய்தன, அதை மறுக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனைகள் பெருகியதும் இவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அலபாமாவின் கிரீன் மாவட்டத்தில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்திய மார்கரெட் சார்லஸ் ஸ்மித் வாழ்ந்த அந்த மாநிலமே, 1976-இல் இந்தத் தொழிலைச் சட்டவிரோதமாக்கியது.

அதற்குப் பின் கறுப்பினத் தாய்மார் பாதுகாப்பாகிவிட்டார்களா என்றால், இல்லை. அரசின் கணக்குப்படி 2023-இல் அங்கே கறுப்பினத் தாய்மாருக்கு உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,00,000 குழந்தைகளுக்கும் 50.3 தாய்மார் இறந்தார்கள். வெள்ளையினத்தவரிடையே இந்த எண்ணிக்கை 14.5. படித்து நல்ல வேலையில் இருக்கும் கறுப்பினப் பெண்களும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல. ஆகவே, அவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுகிறார்கள் என்றாலும், "தலை பிளக்கிறது, மூச்சு வாங்குகிறது" என்று தாங்கள் சொன்னால் அதை நம்பி உடனே மருத்துவரை அழைத்துவரும் ஒருத்தி கட்டிலருகே இருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள்.