பாடியில் மிச்சம் பிடியுங்கள், லென்ஸில் போடுங்கள்: கேமரா கேள்வி பதில்

கே: கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. வீட்டு விசேஷம், ஊர்க் கோயில் கொடை, பிள்ளைகள் படம், இவ்வளவுதான் எடுக்கப் போகிறேன். கடையில் “புது மாடல் பாடி, ரெண்டு லென்ஸ் கிட், வேற ஒண்ணும் வேண்டாம்” என்கிறார்கள். நம்பலாமா அண்ணாச்சி?
– வாசகர், முக்கூடல்

ப: பாதி நம்பலாம். பாடி என்பது லென்ஸ் இல்லாத கேமரா, கிட் என்பது பாடியோடு சேர்த்து விற்கும் லென்ஸ். கொடை என்றால் முக்கியமான படமெல்லாம் ராத்திரியில்தான். சாமியாடுகிறவர் மேல் விழுவது ஒரு டியூப் லைட்டும் சீரியல் செட்டும்தான். அவர் ஆட்டம் கலங்காமல் விழ ஷட்டர் 1/200 நொடியாவது வேண்டும். கிட்டில் வரும் 18-55 லென்ஸ், 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக ஆக, லென்ஸின் துளை பெரிதாகும்). எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, கூடினால் படம் பொரியும்) 6400 கேட்கிற இடத்தில் இதற்கு 640 போதும். அடுத்த மாடல் பாடிக்கு மாறினால் கிடைப்பது அதிகம் போனால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு. கூடுதல் பணத்தை எதில் போடுவது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பாடியும் 18-55-உம் சேர்ந்து 28,000-க்குள் அடங்கட்டும். அந்த விலைக்குப் பழைய பாடிதான் வரும், வரட்டும். மிச்சத்தில் ஒரு எஃப் 1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், கூடுதல் பேட்டரி, கார்டு.

எந்த 1.8 என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலிவாகக் கிடைப்பது 50 மி.மீ. சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் ஒரு ஆளை நெடுக்குவாக்கில் தலை முதல் கால் வரை எடுக்க 50-க்கு நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினால் பதினோரு மீட்டர். நம் வீட்டு நடுவறையில் அவ்வளவு இடம் ஏது? நிக்கானில் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 கிடைக்கும், ஓர் ஆளுக்கு மூன்று மீட்டர் போதும். கேனனில் அதே விலைக்கு அப்படி ஒன்று இல்லை. 24 மி.மீ. எஃப் 2.8 சின்னதாக, அழகாக இருக்கும், ஆனால் கிட் லென்ஸே 24-இல் எஃப் 4 வரை திறப்பதால் லாபம் இரண்டு மடங்குதான். கேனன்காரர்கள் கொடைக்கும் பிள்ளைகள் முகத்துக்கும் 50 எஸ்டிஎம் (50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்), குரூப்புக்கு 18-55-உடன் ஃபிளாஷ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நிக்கான் வாங்குகிறவர்கள் லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் கவலையில்லை. ஏஎஃப்-பி லென்ஸில் சிக்கல் தலைகீழ்: டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் அது ஃபோகஸே ஆகாது, கையால் திருகினாலும் ஆகாது.

ஃபிளாஷ் விஷயத்தில் கேனன் 200டி மார்க் 2 வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் ஹாட் ஷூவில் (ஃபிளாஷ் மாட்டும் மேல் காடி) நடு முள் இல்லை. நடு முள்ளை மட்டும் நம்பும் மலிவு மேனுவல் ஃபிளாஷ், ரேடியோ டிரிகர் (கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் கருவி) எதுவும் அதில் வெடிக்காது. மற்ற பாடி வைத்திருப்பவர்களும் ஃபிளாஷை உங்கள் கேமராவில் மாட்டி ஒரு தடவை வெடிக்க வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெள்ளைக் கூரை உள்ள அறையில் ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி அடித்தால் முகம் மென்மையாக வரும். கலர் துணிப் பந்தலுக்குக் கீழே அதைச் செய்தால் மாப்பிள்ளை முகம் துணியின் நிறத்துக்குப் போய்விடும், அங்கே நேராகவே அடியுங்கள்.

இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். படத்தில் கறுப்பு, மஞ்சள் பட்டை விழுந்தால் கேமரா கோளாறு என்று ஓடாதீர்கள். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பட்டை போய்விடும். ஆட்டத்துக்கு 1/200 தேவைப்படும்போது ஒரே அழுத்தில் நாலைந்து படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரட்டை லென்ஸ் கிட்டில் வரும் நீள லென்ஸில் கேனன் என்றால் ‘ஐஎஸ்’, நிக்கான் என்றால் ‘விஆர்’ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த லென்ஸ் இலவசமாக வந்தாலும் கைநடுக்கத்தில் பாதிப் படம் வீண்.

கே: கல்யாண ஆல்பம் போட 24 மெகாபிக்சல் பத்துமா?
– வாசகர், சுத்தமல்லி

ப: பத்தும். 24 மெகாபிக்சல் என்பது 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 20-க்கு 13 அங்குலம் வரும். ஆல்பத்தின் ஒரு பக்கம் 12-க்கு 18.

கே: கல்லூரியில் படிக்கிறேன். கூந்தன்குளத்தில் பறவைப் படம் எடுக்க ஆசை. பாடி இருக்கிறது (கேனன் 1500டி). லென்ஸுக்கு 30,000-க்குள்தான் முடியும். 600 மி.மீ. இல்லாமல் ஆகாது என்கிறார்களே?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: கூந்தன்குளத்தின் விசேஷமே பறவைகள் ஊருக்குள் மரத்தில் கூடு வைப்பதுதான். சங்குவளை நாரை நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். இருபது மீட்டரில் அது நின்றால் 250 மி.மீ. லென்ஸில் உங்கள் ஃபிரேமின் உயரத்தை நிரப்பிவிடும். கேனன் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் பழையதாக வாங்கினால் பட்ஜெட்டில் பெரும்பகுதி மிஞ்சும்.

குளத்து நடுவில் இருக்கும் வரித்தலை வாத்துதான் பிரச்சினை. நூறு மீட்டரில் உள்ள வாத்து 250-இல் ஃபிரேம் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். 600 போட்டாலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. சிக்மா 150-600 கன்டெம்பரரி கிட்டத்தட்ட இரண்டு கிலோ, பழையதுகூட உங்கள் பட்ஜெட்டுக்குள் வருவது சிரமம். தூரத்துப் பறவையை அடையாளம் காணப் படம் வேண்டும், அச்சுக்கு வேண்டாம் என்றால் நிக்கான் பி900 பழையதாகத் தேடலாம். 2000 மி.மீ.க்குச் சமமான ஜூம், ஆனால் சுண்டுவிரல் நகம் அளவு சென்சார். வெயிலில் சரி, மேகம் மூடினால் படம் பொரிபொரியாகிவிடும். அதில் ரா ஃபைலும் (பிறகு திருத்த வசதியான மூலப் பதிவு) கிடையாது.

எந்த லென்ஸாக இருந்தாலும் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடியுங்கள். வெயில் ஏறியபின் குளத்துக்கு மேல் கானல் ஓடும், லட்ச ரூபாய் லென்ஸிலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் தெரியும். பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். 1500டி-யில் ஒன்பது ஃபோகஸ் புள்ளி, நடுப் புள்ளியை மட்டும் வைத்து ஏஐ சர்வோவில் (நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) எடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வேண்டாம். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது.

கே: ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமராவும் லென்ஸும் விற்கிறார். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வள்ளியூர்

ப: பகலில் போங்கள். பென் டார்ச், உங்கள் கார்டு, முடிந்தால் லேப்டாப் கொண்டுபோங்கள்.

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலு தூசி தெரிவதில் ஒன்றுமில்லை, படத்தில் வராது. சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளை விட்டிருந்தால் பூஞ்சை. பால் ஊற்றியதுபோல முழுக்க மங்கலாக இருந்தால் உள்ளே படலம். இரண்டில் எது இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெரும்பாலான நிக்கான் லென்ஸ்களில் பின்னால் சிறு நெம்புகோல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை நகத்தால் தள்ளி விடுங்கள். உள்ளே துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் சடக்கென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. கேனனில் எஃப் 22 வைத்து ஒரே சுவரைப் பத்துப் படம் எடுங்கள், வெளிச்சம் கூடிக் குறைந்தால் அதே கோளாறு. நடுவில் ‘எர்ர் 01’ என்று வந்தால் லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு விட்டுப்போகிறது.

செங்கல் சுவருக்கு நேரே நின்று லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ். மவுண்ட் (லென்ஸும் பாடியும் சேரும் வளையம்) ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

பாடியில் எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை நோக்கி, கேமராவை மெல்ல அசைத்தபடியே ஒரு படம். சுவரின் கறை கலங்கிப்போகும், சென்சார் தூசி மட்டும் கறுப்புப் புள்ளியாக நிற்கும். தூசி துடைத்தால் போய்விடும், கீறல் போகாது. ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது, நிக்கானில் படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே இருக்கும். டி5600-க்கு ஒரு லட்சம், டி7200-க்கு ஒன்றரை லட்சம் படம்வரை ஷட்டர் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. கேனனின் கீழ்மட்டப் பாடிகள் படத்தில் அதைப் பதிவதில்லை. ஃபைல் நம்பரைக் காட்டி “அய்யாயிரம்தான் ஓடியிருக்கு” என்று சொன்னால் நம்பாதீர்கள், 9999 தாண்டினால் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கல்யாணத்துக்கு ஓடிய பாடி என்றால் நிறைய ஓடியதாகவே வைத்துப் பேரம் பேசுங்கள்.

பேட்டரி வெளியே வர அடம்பிடித்தால் உப்பியிருக்கிறது. உவரி, கூடங்குளம் பக்கம் புழங்கிய கேமராவில் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புக்காற்றின் வேலை அது. பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடிக்கு அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கே: மழைக்காலம் வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. அரிசிக்குள் போட்டு வைக்கலாமா? அந்துருண்டை?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

ப: இரண்டும் வேண்டாம். அரிசி மாவுத்தூசியை விடும், அந்துருண்டை ஈரத்தை எடுக்காது. மலையடிவாரத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையும் உண்டு. காற்றின் ஈரம் 60, 70 சதவீதம் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வளரும்.

ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பா, பத்து லிட்டர் அளவில் ஒன்று வாங்குங்கள். உள்ளே துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே ஈரம் காட்டும் சின்ன மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். முப்பதுக்குக் கீழே போனாலும் ரப்பருக்கு ஆகாது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு இனி எடுக்காத பழைய இரும்புச் சட்டியில், சிறு தீயில், நீலம் திரும்பும்வரை கிளறி, மூடி வைத்து ஆறவிட்டு மறுபடி போடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

கேமரா பையோடு பீரோவுக்குள் வைப்பதுதான் ரொம்பக் கெடுதல். பஞ்சுத் திணிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சை ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று பயமுறுத்துவார்கள். அதன் வித்து எந்நேரமும் காற்றில் இருக்கிறது, ஈரம் கிடைத்தால்தான் முளைக்கும். பிடித்ததை வெயிலில் காட்டினால் வளர்ச்சி நிற்கலாம், கோட்டிங்கை அது அரித்த தடம் அப்படியேதான் இருக்கும். 18-55 போன்ற லென்ஸைப் பிரித்துத் துடைக்கும் கூலிக்கு இன்னொரு பழைய 18-55 கிடைத்துவிடலாம், முதலில் விலை விசாரியுங்கள்.

கே: அகத்தியர் அருவியில் தண்ணீர் பட்டுப்போல விழுகிற படம் எடுக்க என்ன ஃபில்டர்?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

ப: முதலில் ஸ்டாண்டு, பிறகு போலரைசர், கடைசியாகத்தான் என்டி (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி). போலரைசரைச் சுற்றினால் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் குறையும். நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/25 நொடிக்குப் பக்கம் வரும். என்டி 8 போட்டால் மூன்றில் ஒரு நொடி, அது போதும். கேனன் 18-55-உம் 55-250-உம் பெரும்பாலும் 58 மி.மீ. திருகு, ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஆகும். 50 எஸ்டிஎம்முக்கு 49-58 வளையம் ஒன்று வாங்கினால் அதிலும் மாட்டலாம். சாரல் அடிக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள்.

கே: எங்கள் குழுவில் பாய் நெய்கிறோம். ஆன்லைனில் விற்கப் படம் வேண்டும். கேமரா வாங்க 25,000 ஒதுக்கியிருக்கிறோம். எது வாங்கலாம் சார்?
– வாசகி, பத்தமடை

ப: இப்போதைக்குக் கேமராவே வேண்டாம். இருக்கிற போன், அதை மாட்டும் கிளாம்போடு ஒரு ஸ்டாண்டு, இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் பலகை போதும். மிச்சத்தைக் கோரைக்கும் சாயத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்வெயில் விழாத ஜன்னல் பக்கம் பாயை விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வையுங்கள். அப்போதுதான் கோரையின் வரி ஒவ்வொன்றும் எழுந்து தெரியும். எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோலை நிறுத்தினால் நிழல் கறுக்காது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் சிவப்பு ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி வரும். கிட்டப் போய் எடுத்தால் பாயின் ஓரம் வளையும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில், இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பாய்மேல் வைத்து எடுத்தால் பிறகு நிறம் திருத்த அது உதவும்.

நெருக்க நெசவில் வானவில் நிறத்தில் அலை அலையாகக் கோடு விழக்கூடும். போனின் சின்னப் புள்ளிகளும் நெசவின் வரியும் மோதுவதால் வருவது அது. ஒரு சாண் முன்னே பின்னே நகர்ந்தால் மறைந்துவிடும், ஆனால் மறைந்ததா என்பது படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். ஒவ்வொரு பாய்க்கும் முழுப் படம் ஒன்று, மடித்த மூலை ஒன்று, நெசவு நெருக்கத்தில் ஒன்று போடுங்கள். ஏற்றுமுன் பாயைப் பகல் வெளிச்சத்தில் போன் திரைக்குப் பக்கத்தில் பிடித்து நிறம் ஒத்துப்போகிறதா பார்த்துவிடுங்கள். நிறம் வேறு என்று பார்சல் திரும்பி வந்தால் தபால் கூலி உங்கள் தலையில்தான் விழும்.